கரி அடுப்பில் நிற்கப் போகிறவருக்கு

சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை என்று வழிநெடுக ரோட்டோரம் புகை எழும்பும். கம்பி வலைக்குள் பிளந்து விரித்த கோழி, அடியில் கரி, பக்கத்தில் வியர்த்துக் கொட்ட நிற்கும் ஓர் இளைஞர். போர்டில் அல்ஃபாம், தந்தூரி, பார்பிக்யூ என்று எழுதியிருக்கும். அல்ஃபாம் என்ற அரபுச் சொல்லுக்குக் கரி என்றுதான் அர்த்தம். கோழியைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு வார்த்தையும் கிடையாது.

வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். மசாலாவை முதலாளி கலக்கிக் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் பாக்கெட்டில் வந்துவிடும். தணலை அப்படி யாரும் பாக்கெட்டில் கட்டித் தர முடியாது. மாலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஒரே சூட்டில் அதை வைத்திருக்கத் தெரிந்தவரைத்தான் கடையில் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். தெரியாதவர் எத்தனை வருஷம் நின்றாலும் ஹெல்பர்தான். இரண்டு பேர் சம்பளத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இந்த ஐந்து மணி நேரத்தில்தான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்திருக்கும். கரும்பு விளையும் பூமி இது. கொட்டகையில் வெல்லம் காய்ச்சும்போது அடுப்பு வாயில் உட்கார்ந்து காய்ந்த சக்கையைத் தள்ளுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கொப்பரையில் பாகு பொங்குவதைப் பார்த்துக்கொண்டே தள்ளுவார். ஒரு கை கூடினால் பாகு கருகும், ஒரு கை குறைந்தால் பதம் தள்ளிப்போகும். கல்வராயன்மலையில் வெள்ளிமலைப் பக்கம் மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பு மூட்டி வளர்ந்தவர்களுக்கும் நெருப்பின் குணம் தெரியும். தெரிந்ததைத் தொழிலாக மாற்றத் தெரியாததுதான் நம் குறை.

மலைப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. மரத்தால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமத்துக்காரர்கள். கல்வராயன்மலையிலிருந்தும் எத்தனையோ பேர் கூலிக்குச் செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்திருக்கிறார்கள். கோடரி பிடித்துப் பழகிய அதே கை, சட்டத்துக்கு உட்பட்ட விறகையும் கரியையும் வைத்துச் சொந்த மாவட்டத்திலேயே மரியாதையாகச் சம்பாதிக்க முடியும். முடிய வேண்டும்.

கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நம் கடைகளுக்கு வரும் கரி பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துச் சரக்கு. தெற்கே சீமைக்கருவேலம் என்பதை நம் பக்கம் வேலிகாத்தான் என்கிறோம். அந்த மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே காற்று அதிகம் போகாமல் நாள் கணக்கில் புகையவிட்டு எடுப்பார்கள். கரிமூட்டம் என்று பெயர். ஒரு கிலோ கரிக்குச் சுமார் ஐந்து கிலோ விறகு போய்விடும். கண்ணும் நுரையீரலும் எரிய அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு சில்லைக்கூட வீணாக்காதீர்கள்.

மூட்டை வந்து இறங்கியதும் வாயைப் பிரித்து, நடுவிலிருந்து இரண்டு துண்டு எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். நல்ல கரி ‘கிண்’ என்று ஓடு தட்டியதுபோலச் சத்தம் கொடுக்கும். ‘தொப்’ என்று அமுங்கினால் ஈரம். உடைத்தால் உடைந்த இடம் பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டும். உள்ளே பழுப்பு தெரிந்தால் மூட்டத்தில் சரியாக வேகாத கட்டை. அடுப்பில் போட்டதும் அது விறகு மாதிரிப் புகையும். ஜப்பானில் வாகயாமா பக்கம் ஒருவகை ஓக் மரத்தில் செய்யும் பிஞ்சோடான் என்ற கரி உலகத்தில் விலை உயர்ந்த கரிகளில் ஒன்று. அதையும் தட்டித்தான் பார்க்கிறார்கள். உலோகம்போல ஒலிக்க வேண்டும். ராமநாதபுரம் கரிக்கும் வாகயாமா கரிக்கும் சோதனை ஒன்றுதான்.

கரியை எடைக்கு வாங்குகிறோம். நனைந்த மூட்டை வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரை விரட்ட மறுபடி கரியை எரிக்கிறோம். அதனால் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். மூட்டத்திலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த கரி உள்ளுக்குள் சூடேறித் தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. வந்த அன்றைக்கே எண்ணெய் டின், அட்டைப் பெட்டி பக்கம் கொண்டுபோய் அடுக்காதீர்கள்.

மூட்டையின் அடியில் கிடக்கும் தூளை அடுப்பில் கொட்டுவதுதான் ஹெல்பர்கள் செய்யும் பெரிய தப்பு. தூள், துண்டுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளை அடைத்துவிடும். காற்று ஏறாது, தணல் செத்துப்போகும். ஒரு கம்பிச் சல்லடை வாங்கிச் சலித்துவிட்டுப் போடுங்கள். கோழிமுட்டை அளவுத் துண்டுகள் நடுவில், பெரியவை அடியில்.

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கொட்டாங்குச்சிக் கரியும் கிடைக்கும். வேகமாகப் பிடிக்கும், நல்ல சூடு. ஆனால் சில்லு மெல்லியது என்பதால் சீக்கிரம் நீறாகிவிடும். ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு வேலிகாத்தான் கரிதான் என் தேர்வு. திடீரென்று கூட்டம் வரும்போது சூட்டைத் தூக்கக் கொட்டாங்குச்சிக் கரியை ஒரு வாளி தனியாக வைத்திருப்பேன்.

விறகு

விறகுத் தணலில் சுட்டதற்கு ஒரு வாசம் உண்டு. கரி அதைத் தராது. மலைமேல் விடுதிகளில் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். நமக்குக் கடலூர், விழுப்புரம் கடலோரச் சவுக்கு விறகு மண்டிகளில் கிடைக்கிறது. புளி, மா, கொய்யா, வேலிகாத்தான் எல்லாம் நல்லவை. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். பிளந்து, மழை படாமல், காற்று புக அடுக்கி ஆறு மாதமாவது காய வேண்டும். காய்ந்த கட்டையின் முனையில் நட்சத்திரம்போல வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும்.

எந்த மரத்தை அடுப்பு பக்கமே கொண்டுவரக் கூடாது என்பது அதைவிட முக்கியம். அரளி விஷம், அதன் புகையும் விஷம், குச்சியில் கறி கோத்தாலும் விஷம். எருக்கு, எட்டி, சேங்கொட்டை, கடலோரத்துத் தில்லை ஒன்றும் வேண்டாம். பெயின்ட் அடித்த ஜன்னல் கட்டை, பிளைவுட், மருந்தடித்த கட்டை, சாமான் வந்த பெட்டிப் பலகை இவையும் வேண்டாம். ஓசியில் கிடைக்கிறது என்று இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாப்பிட வந்தவரின் குழந்தைக்கு நாம் ஊட்டுவது அந்தப் புகையை.

கல்வராயன்மலையின் காடு பெரும்பகுதி காப்புக்காடு. அங்கிருந்து தொழிலுக்கு விறகு எடுப்பது வனச்சட்டப்படி குற்றம். தலைச்சுமையாக யாராவது கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தாலும் கடைக்கு வாங்காதீர்கள். பட்டா நிலத்து மரமானால் யார் நிலம், எந்த மரம் என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும். சந்தேகமென்றால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுவது நல்லது.

மூட்டுவது 4.30 மணிக்கு

6 மணிக்கு முதல் கோழி வலையில் ஏற வேண்டுமானால் 4.30-க்கு அடுப்பில் கை வைக்க வேண்டும். நேற்றைய சாம்பலை முழுக்க வழித்து எடுங்கள். அடித் தட்டின் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்திவிடுங்கள். நெருப்பு கீழிருந்துதான் மூச்சு விடுகிறது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கூடவே கூடாது. அணைந்துவிட்டது என்று நினைத்து இரண்டாம் முறை ஊற்றும்போதுதான் சுடர் கையேறி வருகிறது. அந்த வாடை கரியில் ஏறிக் கோழியிலும் இறங்கும். நம்மிடம் பன்னாடை இருக்கிறது, காய்ந்த தென்னம்பாளை இருக்கிறது, தேங்காய் நார் இருக்கிறது, கொட்டாங்குச்சி இருக்கிறது. காசு கொடுத்து வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நான் சொல்லிக் கொடுக்கும் முறை இதுதான். பழைய எண்ணெய் டின் ஒன்றை எடுத்து மேலும் கீழும் மூடியை வெட்டிவிட்டு, அடியை ஒட்டிச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள். உள்ளே கம்பி குறுக்கே கொடுத்து, அதன்மேல் கரி தங்கும்படி செய்யுங்கள். முதல் தடவை சும்மா நெருப்பு போட்டு எரித்து, டின்னில் ஒட்டிய எண்ணெயையும் பூச்சையும் போக்கிவிடுங்கள். பிறகு கம்பிக்கு அடியில் பன்னாடையும் இரண்டு கொட்டாங்குச்சியும், கம்பிக்கு மேல் டின் நிறையக் கரி. அடியில் தீக்குச்சி கிழித்தால் போதும். புகைபோக்கி மாதிரி டின்னே காற்றை இழுத்துக்கொள்ளும். ஊத வேண்டாம், விசிற வேண்டாம். கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்தில் மேல் துண்டுகள் ஓரம் வெளுக்கும். இடுக்கியால் பிடித்து அடுப்பில் கவிழ்த்து, அதன்மேல் அடுத்த கரியைப் பரப்புங்கள்.

மேலே பரப்பியதும் கொஞ்ச நேரம் அடர்த்தியாக வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையில் கோழி வைத்தால் கசக்கும். புகை மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக ஆடி, பிறகு வெறும் அனல் மட்டும் நடுங்குவது தெரியும். ஒவ்வொரு துண்டும் மேலே சாம்பல் பூசிக்கொண்டு, சந்து வழியாகப் பார்த்தால் உள்ளே செக்கச் செவேலென்று இருக்க வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் வேறு எதற்கோ சொல்லும் வார்த்தை, சுடுகிறவருக்கு நேர் அர்த்தத்தில் தேவையானது. சுடர் அடங்கும் வரை வலையை வைக்காதீர்கள். இந்தப் பத்து நிமிஷப் பொறுமை இல்லாததால்தான் வெளியே கரியும் உள்ளே பச்சையுமாகக் கோழி வருகிறது.

விறகாக இருந்தால் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, முழுக்கச் சுடர்விட்டு எரியவிட்டு, முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து விழும் கங்கைத்தான் இழுத்துப் பயன்படுத்த வேண்டும். கல்யாணச் சமையலில் கோட்டை அடுப்பு பார்த்தவர்களுக்கு, தம் போடும்போது மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

உள்ளங்கைக் கணக்கு

வலை இருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, நாலு விரற்கடை இடைவெளியில் உள்ளங்கையைக் காட்டி நிதானமாக எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் கடுஞ்சூடு. நாலு ஐந்து தாங்கினால் நடுச்சூடு. ஏழு எட்டு தாங்கினால் இளஞ்சூடு. தெர்மாமீட்டர் இல்லாத கடையிலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது. ஒரு வாரம் அரை மணிக்கு ஒருமுறை கை காட்டிப் பழகுங்கள். பிறகு கிட்டே நின்றாலே முகத்தில் அடிக்கும் அனல் சொல்லிவிடும்.

அடுப்பு முழுவதும் ஒரே மட்டத்தில் கரி பரப்பக் கூடாது. ஒரு பக்கம் குவியலாக, அடுத்த பக்கம் மெல்லிசாக, கடைசியில் ஒரு சாண் இடம் வெறுமையாக. எலும்போடு இருக்கும் கோழி நடுச்சூட்டில் மெல்ல வேக வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அரை மணிக்கு மேல் பிடிக்கும். கடைசி மூன்று நிமிஷம் மட்டும் கடுஞ்சூட்டில் காட்டினால் தோல் நிறம் ஏறும். வெறும் இடம் எதற்கென்றால், கொழுப்பு சொட்டித் திடீரென்று தீ எழும்பும்போது வலையை அப்படியே அங்கே தள்ளிவிட. தண்ணீர் தெளிக்காதீர்கள். சாம்பல் கிளம்பிக் கறியில் ஒட்டும், எண்ணெய் தெறித்துத் தீ பரவும். கொழுப்பு எரிந்த புகையில் இருக்கும் சில பொருட்கள் புற்றுநோய் தரக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. கருகிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பரிமாறுங்கள். கருகல்தான் ருசி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மசாலாவில் ஊறிய கோழியைத் தூக்கி, சொட்டுவது நிற்கும் வரை பிடித்திருந்துவிட்டு வலையில் வைத்தாலே பாதித் தீ எழாது.

வெந்ததா என்பதற்கு நிறம் சாட்சி அல்ல. தொடை எலும்பு சேரும் இடத்தில், எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். 75 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அந்தக் கருவி பெரிய விலையில்லை. முதலாளி வாங்கித் தராவிட்டால் உங்கள் காசில் வாங்குங்கள், அடுத்த கடைக்குப் போனாலும் கூடவே வரும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனது. அந்தச் செய்தி படித்த நாளிலிருந்து, குத்திப் பார்க்காமல் ஒரு தட்டையும் வெளியே அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். பச்சைக் கறி பிடித்த இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். இரண்டு இடுக்கி, இரண்டு தட்டு.

8.30 மணிக்கு என்ன செய்வீர்கள்?

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் ஒரே கேள்வி இது. கூட்டம் நெருக்குகிறது, தணல் இறங்கிவிட்டது, வலையில் ஆறு கோழி இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வெளியே கார்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளேயிருந்து “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பதற்றத்தில் கறுப்புக் கரியை வாளியோடு தூக்கித் தணல்மேல் கொட்டிவிட்டேன். அடுத்த நொடி கண்ணைத் திறக்க முடியாத புகை. இருந்த சூடும் இறங்கிவிட்டது. ப்ளோயர் வைத்து அடித்தேன். சாம்பல் பறந்து கோழிமேல் படிந்தது. கரி பற்றியதும் சுடர் எழும்பித் தோலைக் கருக்கியது. அவசரத்தில் இறக்கிக் கொடுத்தேன். பிய்த்துப் பார்த்தவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள், எலும்போரம் ரத்தம். அன்றைக்குத் திரும்பி வந்த ஒவ்வொரு தட்டும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து கிட்டே வந்து, “தம்பி, பக்கத்துல இன்னொரு அடுப்பு வச்சிருக்கணும்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இன்னொரு அடுப்பை நான் தாயடுப்பு என்று சொல்வேன். பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், மூன்று நாலு கிலோ கரி பிடிக்கும் ஒரு சின்ன அடுப்பு. மேலே சொன்ன எண்ணெய் டின்னே போதும். முதல் கோழி ஏறிய கையோடு அதில் அடுத்த கரியை மூட்டிவிட வேண்டும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை வலையை ஓரம் தள்ளி, அடுப்பைக் கம்பியால் லேசாகக் கிளறிச் சாம்பலைக் கீழே விழவைத்து, தாயடுப்பிலிருந்து நீறு பூத்த கங்கை மட்டும் அள்ளிப் பரப்ப வேண்டும். கறிக்கு அடியில் கறுப்புக் கரி போகவே கூடாது. உடனே தாயடுப்பை மறுபடி நிரப்ப வேண்டும். அர்ஜென்டினாவில் அசாடோ சுடுகிறவர்களும் இப்படித்தான்: விறகை ஓரத்தில் ஓர் இரும்புக் கூடையில் எரியவிட்டு, அடியில் உதிரும் கங்கை மட்டும் கறிக்குக் கீழே இழுத்துவிடுவார்கள்.

வேலைக்கு வந்த ஒரு பையன், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். இந்தக் கேள்விக்கு அவன் சொன்ன பதில்: “8.30-க்கு ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. 7.45-க்கே செஞ்சிருக்கணும்.” அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன்.

உயிர் சம்பந்தப்பட்டது

இதைப் படிப்பவர்களில் மலையிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வந்து கடையிலேயே தங்குகிறவர்கள் இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மார்கழிக் குளிரில், ஷட்டரை இறக்கிவிட்டு, மிச்சத் தணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவது சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, வாடையில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். புகையே இல்லாத செங்கங்கிலும் அது உண்டு. தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி வந்தால் தூக்கம் என்று நினைக்காமல் உடனே வெளியே வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் மலைவாசஸ்தலங்களிலிருந்து வருஷா வருஷம் வருகின்றன. கல்வராயன்மலையில் கூடாரமும் கேம்ப் ஃபயரும் நடத்துகிறவர்கள் விருந்தினரிடம் இதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நைலான், பாலியெஸ்டர் சட்டை போட்டு நிற்காதீர்கள். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டை, முன்னால் கட்டத் தடித்த துணி, மூடிய செருப்பு அல்லது ஷூ. சுட்டுக்கொண்டால் பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். கேஸ் சிலிண்டர் அடுப்புப் பக்கம் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணலும் ஒரு தீயணைப்பானும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு மூட வேண்டும். புகைபோக்கிக் குழாயில் படியும் கொழுப்பை மாதம் ஒருமுறையாவது சுரண்டாவிட்டால் ஒரு பொறி போதும். ஐந்து மணி நேரம் அனல் முன்னால் நிற்கிறவருக்குத் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் வேண்டும்; உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது. முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: 18 வயது நிரம்பாதவரை அடுப்படியில் நிறுத்தாதீர்கள்.

வேலையும் வளர்ச்சியும்

முதல் ஆறு மாதம் ஒரு நோட்டு போடுங்கள். இன்றைக்கு எடை போட்டு எடுத்த கரி எவ்வளவு, சுட்ட கோழி எத்தனை, மழையா வெயிலா, எந்த மண்டிச் சரக்கு. பத்துக் கிலோ கரியில் ஒரு நாள் இருபது கோழியும் இன்னொரு நாள் பதின்மூன்றும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கோழிக்கான கரி எங்கே போயிற்று என்று யோசிக்க ஆரம்பித்த அன்றைக்கு நீங்கள் ஹெல்பர் இல்லை. சம்பளம் கூட்டிக் கேட்கும்போது வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டு பேசும்.

வேலை கேட்டுப் போகும்போது சில விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள். மாதச் சம்பளமா, தினக்கூலியா? சாப்பாடு, தங்குமிடம் எப்படி? வார விடுமுறை எந்த நாள்? தீக்காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டதற்குப் பின்னால் வருத்தப்பட்டவர்களே அதிகம்.

சொந்தமாகத் தள்ளுவண்டியோ கடையோ போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் முதல் கோழியைச் சுடக் கூடாது. உள்ளாட்சி அனுமதியும் வேண்டும். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டங்கள் இருக்கின்றன. நேரில் போய் மானியம், தகுதி எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிமலையில் கோடை விழா நடக்கும் நாட்கள், சந்தை நாட்கள், திருவிழாக்கள் சின்ன முதலீட்டில் கையைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டுக்குள் புகை போகாத இடமாகப் பாருங்கள். தில்லியில் காற்று மாசு கூடும் காலத்தில் ஓட்டல் தந்தூர்களில் கரியும் விறகும் எரிக்கவே தடை போடுகிறார்கள். புகையைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் நாளைக்கும் இடம்.

பன்னிரண்டாவது முடித்த ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளைச் சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனத்தில் மாநில அரசுக் கழகமான தாட்கோ சேர்த்துப் படிக்கவைக்கிறது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடி மாணவர்கள் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகம் போகும்போது தாட்கோவில் ஒரு விசாரிப்பு விசாரியுங்கள். வளைகுடா போகும் ஆசை உள்ளவர்கள் பத்தாவதையாவது முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதித் தொல்லை இருக்காது. ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அங்கே கரி அடுப்பில் நிற்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு, அவர்கள் சாப்பாடே கரிப் பெயரில்தானே இருக்கிறது.

அடுப்பை மூடுவது

கடைசி ஆர்டர் 10.30 என்றால் 9.45-க்கு மேல் தாயடுப்பில் புதுக் கரி போட வேண்டாம். இருக்கும் தணலே முடித்துவிடும். மிச்சக் கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். ஆவி முகத்தில் அடிக்கும், அடுப்பு இரும்பு நெளியும், கரியும் வீண். இடுக்கியால் பொறுக்கி, மூடி இறுக்கமாக விழும் இரும்பு டிரம்மில் போட்டு மூடி, டிரம்மைத் திறந்த வெளியில் வையுங்கள். காற்று இல்லாமல் தானாக அணையும். அந்தக் கரி மறுநாள் புதுக் கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும், 4.30-க்கு டின்னில் அடியில் போட அதுதான் சரி.

சாம்பல் ஆறிவிட்டது என்று கண் சொல்லும். கண்ணை நம்பாதீர்கள். உள்ளே மறுநாள் வரை கங்கு உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டக் கூடாது. மாசியிலிருந்து வைகாசி வரை மலைப்பாதை ஓரத்தில் கொட்டவே கூடாது, காய்ந்த சருகில் ஒரு கங்கு விழுந்தால் ஒரு சரிவே போய்விடும். இரும்பு வாளியில் மூடிவைத்து, இரண்டாம் நாள் கையால் தொட்டுப் பார்த்து, பிறகு கொட்டுங்கள். வேறு எதுவும் கலக்காத கரிச் சாம்பலைத் தென்னைக்கும் வாழைக்கும் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வெள்ளிமலைப் பையன் இப்போது தனியாக ஒரு கடையின் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் ராத்திரி 11.15-க்கு அந்த வழியாக வந்தேன். டிரம்மை வெளியே இழுத்து மூடிவிட்டு, அடித் தட்டை நிமிர்த்தி வைத்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தான். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. “படுக்கை எங்கப்பா?” என்றேன். “மாடியில ரூம் கேட்டு வாங்கிட்டேண்ணே” என்றான்.